ஈறு நோய்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கும் தீர்வுக்கும்

ஈறு நோய் வலியோடு தொடங்குவதில்லை. சொத்தை பல்லின் நரம்பைத் தொட்டுவிட்டால் அன்றிரவே தூக்கம் போய்விடும். ஆனால் பல்லைத் தாங்கும் எலும்பு பாதி கரைந்த பிறகும் ஈறு நோயாளிக்கு எந்த வேதனையும் இல்லாமல் இருக்கலாம். வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள், பல் ஆடத் தொடங்கிய பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட வாய்நல அறிக்கை, உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோருக்கு முற்றிய ஈறு நோய் இருப்பதாக மதிப்பிடுகிறது. இத்தனை பேரைப் பாதிக்கும் இந்த நோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் தேவைப்படுவதெல்லாம் ஒரு கண்ணாடி, நல்ல வெளிச்சம், சிறிது கவனம் ஆகியவை மட்டுமே.

அறிகுறிகளை நோயாளிகள் சொல்லும் விதத்திலேயே கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்களுக்குரிய தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அதற்கு முன் முதல் பகுதியைப் படித்து, அதில் சொன்னபடி ஒருமுறை உங்கள் ஈறுகளைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் கண்ணாடி முன் ஒரு சோதனை

பகல் வெளிச்சத்திலோ கைப்பேசி விளக்கின் உதவியோடோ கண்ணாடி முன் நின்று, உதட்டை விரலால் விலக்கிப் பாருங்கள். நிறத்தைப் பற்றி முதலில் ஒரு தெளிவு வேண்டும். படங்களில் காட்டப்படும் இளஞ்சிவப்பு ஈறு எல்லோருக்கும் பொருந்தாது. நம்மில் பலருக்கு ஈறுகளில் இயல்பாகவே கரும்பழுப்புத் திட்டுகள் இருக்கும். தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான் அதற்குக் காரணம், அது நோயன்று. கவனிக்க வேண்டியது ஈறின் விளிம்பை. ஆரோக்கியமான ஈறின் விளிம்பு மெல்லியதாகப் பல்லோடு படிந்து, இரு பற்களுக்கு நடுவே கூர்மையான முக்கோணமாக முடியும். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். நோயுற்ற ஈறின் விளிம்பு தடித்து, மினுமினுத்து, சிவந்தோ ஊதா படர்ந்தோ காணப்படும். நடுவிலுள்ள முக்கோணம் உருண்டு உப்பியிருக்கும். இந்த மாற்றம் ஒரே பல்லைச் சுற்றி இருக்கிறதா, வாய் முழுவதும் இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறாக இருக்கும்.

அடுத்து, நாக்கை மேலே தூக்கிக்கொண்டு கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தைப் பாருங்கள். உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அதனருகே திறப்பதால், உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து முதலில் படிவது அங்கேதான். மஞ்சளாகவோ பழுப்பாகவோ கெட்டியான பொருக்கு தெரிந்தால் அது காரை. கடைசியாக, பல்லிடுக்கு நூலையோ இடுக்கு பிரஷ்ஷையோ கடைவாய்ப் பற்களின் நடுவே மெதுவாக விட்டு எடுத்து, அரை நிமிடம் காத்திருந்து, இடுக்கில் இரத்தம் கசிகிறதா என்று பாருங்கள். நூலை முகர்ந்தும் பாருங்கள். இரத்தமோ கெட்ட நாற்றமோ இருந்தால், கண்ணாடியில் எதுவும் தெரியாவிட்டாலும் அங்கே அழற்சி இருக்கிறது என்று கொள்ளலாம்.

நடப்பது இதுதான். துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கிருமிகள் மெல்லிய படலமாக ஒட்டத் தொடங்குகின்றன. அந்தப் படிவு ஈறின் விளிம்பிலேயே தங்கிவிட்டால், அதை எதிர்க்க உடல் இரத்த ஓட்டத்தை அங்கே கூட்டுகிறது. ஈறு வீங்குகிறது, தொட்டால் கசிகிறது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் 1965ஆம் ஆண்டில் ஹாரால்ட் லோ என்ற ஆய்வாளர், நல்ல ஈறுகளை உடைய சிலரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லி இதை நேரடியாகக் காட்டினார். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கிய ஒரு வாரத்தில் அது மறைந்தது. ஈறோடு மட்டும் நிற்கும் அழற்சி முழுமையாகத் திரும்பக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அழற்சி ஈறைக் கடந்து எலும்புக்குப் போய்விட்டால் கதை வேறு. அவரே 1970 முதல் 1985 வரை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், பல் துலக்கும் வழக்கமும் பல் மருத்துவ வசதியும் இல்லாத 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஆனால் அவர்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு எலும்பு மிக வேகமாகக் கரைந்தது. 81 விழுக்காட்டினருக்கு மெதுவாகக் கரைந்தது. எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கு நோய் ஈறோடு நின்றுவிட்டது. ஒரே உழைப்பு, ஒரே வாழ்நிலை, ஒரே கவனிப்பின்மை. ஆனாலும் விளைவு மூன்று விதம். பல்லே துலக்காத தாத்தாவுக்கு எண்பது வயதிலும் எல்லாப் பற்களும் இருந்தன என்று நம் வீடுகளில் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அவர் அந்த 11 விழுக்காட்டைச் சேர்ந்தவராக இருந்திருப்பார். பேரன் எந்தக் கூட்டத்தில் இருக்கிறான் என்பதை எலும்பு கரைவதற்கு முன் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள ஆழத்தை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

"பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது"

மிகப் பெரும்பாலும் இதன் காரணம் ஈறு விளிம்பில் தங்கிய படிவுதான். இங்கே பலரும் செய்வது நேர்மாறான காரியம்: இரத்தம் வரும் இடத்தை பிரஷ் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். படிவு மேலும் சேர்கிறது, வீக்கம் கூடுகிறது, அடுத்த முறை இன்னும் அதிகமாக இரத்தம் வருகிறது. இரத்தம் வரும் இடம்தான் நன்றாகத் துலக்கப்பட வேண்டிய இடம் என்பதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

மென்மையான இழைகள் கொண்ட பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக, 45 பாகைக் கோணத்தில் வைத்து, அழுத்தாமல் சிறு அசைவுகளாகத் துலக்குங்கள். காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம். பல்லிடுக்குகளை நாளுக்கு ஒரு முறை நூலாலோ இடுக்கு பிரஷ்ஷாலோ சுத்தம் செய்யுங்கள். முதல் சில நாள்களில் இரத்தம் கூடுவதுபோல் தோன்றினாலும் நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களுக்குள் கசிவு தெளிவாகக் குறைய வேண்டும். குறைந்து நின்றுவிட்டால், நீங்கள் தொடக்க நிலையிலேயே திரும்பிவிட்டீர்கள். குறையவில்லை என்றால் பிரஷ் எட்டாத இடத்தில், அதாவது ஈறுக்கு அடியில், காரை இருக்கிறது என்று பொருள். அதை வீட்டில் எடுக்க முடியாது, பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் செய்துகொள்ள வேண்டும்.

படிவைச் சாராத காரணங்களும் உண்டு. அவற்றில் சில அவசரமானவை. காய்ச்சலோடு ஈறிலிருந்து இரத்தம் கசிந்தால், குறிப்பாக மழைக்காலத்தில், டெங்குவை நினைக்க வேண்டும். அது அந்த நோயின் எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று. அப்போது பல் மருத்துவரைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தொடக்கூடாது. காரணமில்லாத களைப்பு, தோலில் கன்றிய நீலத் திட்டுகள், அடிக்கடி காய்ச்சல் ஆகியவற்றோடு ஈறுகள் வீங்கிக் கசிந்தால் இரத்தப் புற்றுநோய் உள்ளிட்ட இரத்தக் கோளாறுகளைச் சோதிக்க வேண்டும். இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கசிவு சற்றுக் கூடுதலாகத் தெரியும். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் போகாதீர்கள். மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள், நிறுத்துவதா இல்லையா என்பதை இரு மருத்துவர்களும் முடிவு செய்வார்கள்.

"ஈறு வளர்ந்து பல்லை மூடுகிறது"

வீக்கம் கெட்டியாகவும், வலியில்லாமலும், முன்பற்களின் இடுக்குகளிலிருந்து தொடங்கிப் பல்லின் மேல் ஏறுவதுபோலவும் இருந்தால், முதலில் உங்கள் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டோயின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபிடிபின், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கான சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு இப்படி ஈறு வளர்ச்சியைத் தூண்டும். நம் ஊரில் அம்லோடிபின் சாப்பிடுபவர்கள் மிகுதி என்பதால் இதைத் தனியே சொல்கிறேன். மருந்தை நிறுத்துவது தீர்வன்று. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால், தேவைப்பட்டால் வேறு வகைக்கு மாற்றிக் கொடுப்பார். ஸ்கேலிங்கும் கவனமான துலக்கலும் சேர்ந்தாலே பலருக்கு வீக்கம் பெருமளவு குறையும். எஞ்சியதைச் சிறு அறுவையால் நீக்கலாம்.

கர்ப்பிணிகளுக்கு இரண்டாம் மாதத்திலிருந்தே ஈறு சிவந்து, எளிதில் இரத்தம் கசியலாம். சிலருக்கு ஓரிடத்தில் சிவந்த சதைக்கட்டி போலவும் வளரும். இது புற்றுநோயன்று, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஹார்மோன் மாற்றத்தால், சிறிதளவு படிவுக்கே ஈறு மிகையாக எதிர்வினை செய்கிறது. பிள்ளைக்காகப் பல்லிலிருந்து சுண்ணச்சத்து போய்விடுகிறது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. கர்ப்ப காலத்தில் பல் மருத்துவரிடம் போகக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதுண்டு. ஸ்கேலிங் கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானது, நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு மிக வசதியான காலம்.

"எனக்கு இரத்தமே வருவதில்லை, ஆனால் புகை பிடிப்பேன்"

இது நல்ல செய்தியாக ஒலிக்கும். உண்மையில் இதுவே இந்தப் பட்டியலில் அதிகம் ஏமாற்றும் அறிகுறி. புகையிலை, ஈறின் நுண்ணிய இரத்த ஓட்டத்தையும் அழற்சியின் வெளித்தோற்றத்தையும் அடக்கிவிடுகிறது. ஈறு வெளிறி, கெட்டியாக, நோயற்றதுபோல் தெரியும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். நோயும் புகைப்பவர்களுக்கு வேகமாக முற்றும், சிகிச்சைக்குக் குறைவாகவே பணியும். புகைப்பவர்களும் புகையிலை போடுபவர்களும் இரத்தத்துக்காகக் காத்திருக்காமல், எந்த அறிகுறியும் இல்லாதபோதே ஈறை அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். புகையை நிறுத்திய சில வாரங்களில் ஈறில் முன்பு இல்லாத இரத்தக் கசிவு தோன்றலாம். அது ஈறின் இரத்த ஓட்டம் மீள்வதன் அடையாளம், அதைக் கண்டு மீண்டும் சிகரெட்டை எடுத்துவிட வேண்டாம்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை அடக்கும் பழக்கமுள்ளவர்கள் அடக்கும் இடத்தைத் தினமும் பாருங்கள். அங்கே ஈறு இறங்கியிருந்தால் அது அந்தப் பழக்கத்தின் நேரடி விளைவு. காரம் பட்டால் வாய் எரிவது, முன்போல் வாயைப் பெரிதாகத் திறக்க முடியாமல் போவது, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையின் மற்றப் பகுதிகளை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஈறில் வரும் புற்றுநோய் முதலில் ஒரு பல் ஆடுவதாக மட்டுமே தெரியலாம்.

"வாய் நாற்றம் போகவில்லை"

ஏலக்காயும் கிராம்பும் நாற்றத்தை மறைக்கும், காரணத்தைத் தொடாது. கிருமிகள் புரதத்தைச் சிதைக்கும்போது வெளியாகும் கந்தக வாயுக்களே பெரும்பாலான வாய் நாற்றத்துக்குக் காரணம். அவை நாக்கின் பின்பகுதியிலும் பல்லிடுக்கு ஆழங்களிலும் உருவாகின்றன. முதலில் நாக்கை வழித்து, இடுக்குகளைச் சுத்தம் செய்து ஒரு வாரம் பாருங்கள். நாற்றம் நாக்கிலிருந்து வந்தது என்றால் அதற்குள் குறைந்துவிடும். குறையாமல், நூலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் நாற்றம் இருந்தால், அங்கே பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமான பை இருக்கிறது, அல்லது சரியாகப் பொருந்தாத பல் உறையோ சொத்தை அடைப்போ உணவைத் தேக்குகிறது. ஒவ்வொரு வேளையும் ஒரே இடுக்கில் கீரையோ இறைச்சி நாரோ சிக்குகிறது என்றால் ஊக்காலும் தீக்குச்சியாலும் ஈர்க்குச்சியாலும் குத்தி எடுப்பதை நிறுத்திவிட்டு, அந்த இடைவெளியைச் சரிசெய்துகொள்ளுங்கள். குத்தக் குத்த ஈறு விலகி இடைவெளி பெரிதாகும்.

"ஈறு இறங்கி, பல் நீளமாகத் தெரிகிறது, குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது"

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் கண்ணாலேயே ஓரளவு பிரிக்கலாம். வெளிப்புறத்தில் மட்டும், கோரைப்பல்லிலும் அதற்குப் பின்னுள்ள பற்களிலும், ஈறு அழகாக ஆனால் தாழ்ந்து, பல்லின் கழுத்தில் விரல் நகம் சிக்குமளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், அது முரட்டுத்தனமாகத் துலக்கியதன் விளைவு. வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம் அதிகமாக இருக்கும். கெட்டி பிரஷ்ஷும், உமிக்கரியும், உப்பும், செங்கல் தூள் கலந்த பொடிகளும் இதைத்தான் செய்கின்றன. மாறாக, பற்களுக்கு நடுவிலுள்ள முக்கோணச் சதையே மறைந்து கருநிற இடைவெளிகள் தெரிந்தால் அது எலும்பு கரைந்ததன் அடையாளம், ஸ்கேலிங்கும் அளவீடும் தேவை.

இறங்கிய ஈறு தானாக மேலே ஏறாது. எந்த எண்ணெயும் பசையும் அதை வளர்க்காது. அப்படி வளர்ப்பதாகச் சொல்லும் விளம்பரங்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மேலும் இறங்காமல் நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. தேவைப்படும் சில இடங்களில் ஈறு ஒட்டு அறுவை செய்யலாம். கூச்சத்துக்கு, பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையை நாளுக்கு இருமுறை பயன்படுத்தினால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலன் தெரியும்.

"பல் ஆடுகிறது" அல்லது "முன்பற்கள் விலகிக்கொண்டே போகின்றன"

பழைய கல்யாணப் புகைப்படத்தை எடுத்து இப்போதைய சிரிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போது ஒட்டியிருந்த முன்பற்கள் இப்போது விசிறிபோல் விரிந்து முன்னே வந்திருந்தால், எலும்பின் பிடி தளர்ந்து நாக்கும் உதடும் பல்லைத் தள்ளுகின்றன என்று பொருள். இதை முகவமைப்பு மாறியதாக நினைத்து நேரே கம்பி போடக் கேட்டு வருபவர்கள் உண்டு. நோயை அடக்காமல் கம்பி போட்டால் எலும்பு இன்னும் வேகமாகப் போகும்.

ஆடும் பல்லை விரலாலும் நாக்காலும் அசைத்து அசைத்துப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்து, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளவுக் கம்பியால் ஆழம் பார்க்க வேண்டும். மழுங்கிய முனையுள்ள அந்த மெல்லிய கம்பியில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சிறிதளவே அழுத்தி விடுவார்கள். 3 மில்லிமீட்டர் வரை இறங்கி, இரத்தம் கசியாமல் இருந்தால் நலம். 4, 5 என்று இறங்கினால் பை உருவாகியிருக்கிறது. 6க்கு மேல் போனால் வெறும் ஸ்கேலிங் போதாமல் போக வாய்ப்பு மிகுதி. இது ஊசி குத்துவதன்று, பெரும்பாலானோருக்கு இலேசான உறுத்தல் மட்டுமே இருக்கும்.

ஆடும் பல் என்றாலே பிடுங்க வேண்டும் என்பதில்லை. ஈறுக்கு அடியில், மரத்துப்போகும் ஊசி போட்டு வேரைச் சுத்தம் செய்தபின் வீக்கம் வடிந்து, ஓரளவு ஆடிய பற்கள் இறுகுவதுண்டு. சிலவற்றைப் பக்கத்துப் பற்களோடு இணைத்துக் கட்டலாம். மேலும் கீழும் அமுங்கி எழும்புமளவுக்கு ஆடுகிற பல்லைக் காப்பாற்றுவது கடினம். அப்படிப் பிடுங்க நேர்ந்தால் கண்பார்வை போய்விடுமோ என்று அஞ்சித் தள்ளிப்போடுபவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு, ஒன்றை எடுப்பது மற்றதைப் பாதிக்காது. முப்பது வயதுக்குள் முதல் கடைவாய்ப் பற்களும் முன்பற்களும் மட்டும் ஆடினால், அது வேகமாகப் பரவும் வகையாக இருக்கலாம், குடும்பத்திலும் தொடரக்கூடியது. உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

"ஈறில் சீழ்", "கன்னம் வீங்கிவிட்டது"

பையின் வாய் அடைபட்டால் சீழ் உள்ளே தேங்கி, ஈறு உருண்டு வீங்கும். கடித்தால் பல் உயர்ந்துவிட்டதுபோல் வலிக்கும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிப்பது தற்காலிகமாக உதவும். கிராம்புத் தைலத்தை ஈறில் நேராகத் தடவினால் சதை வெந்துபோகும். வெளியே சுடச்சுட ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வீக்கத்தைச் சில நாள் அடக்கிவிட்டு, காரணத்தை அப்படியே விட்டுவைக்கும். சீழ் வெளியேற வேண்டும், பை சுத்தமாக வேண்டும்.

வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் பரவினால், நாக்கு மேலே தூக்கப்பட்டதுபோல் இருந்தால், எச்சிலை விழுங்க முடியாமல் போனால், குரல் அடைத்தால், மூச்சு வாங்கினால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது. இது மூச்சுக்குழாயை அடைத்து உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நிலை. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பல் கிளினிக்கில் வரிசையில் உட்கார வேண்டாம்.

கீழ்வரிசைக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் மட்டும் வலியும் வீக்கமும் இருந்து, வயது பதினேழுக்கும் இருபத்தைந்துக்கும் இடையே என்றால், அது பெரும்பாலும் பாதி முளைத்த ஞானப்பல்லை மூடிய சதைக்குள் உணவு சிக்கியதால் வருவது. அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரால் அடிக்கடி கொப்பளியுங்கள்; திரும்பத் திரும்ப வந்தால் பல்லை எடுத்துவிடுவதே நல்லது. பல்லிடுக்குச் சதைகளின் நுனி சாம்பல் படர்ந்து, அரிக்கப்பட்டதுபோல் குழிந்து, கடுமையான வலியும் நாற்றமும் திடீரென வந்தால் அது வேறு வகை அழுகல் நோய். உறக்கமின்மை, மன உளைச்சல், புகை, ஊட்டக்குறைவு ஆகியவை சேரும்போது வரும், எதிர்ப்பாற்றல் குறைவுக்கும் அறிகுறியாகலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

"ஸ்கேலிங் செய்த பிறகுதான் எல்லாம் கெட்டது"

இந்தக் குறையை விளக்காமல் விடுவதால்தான் பலர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துகிறார்கள். பழைய மதிலின் விரிசலில் முளைத்த அரசங்கன்று, மதிலைப் பிளந்துகொண்டே அதன் கற்களைப் பிடித்தும் வைத்திருக்கும். கன்றைப் பிடுங்கினால் விரிசல் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். காரையும் அப்படித்தான். இடைவெளி முன்பே உண்டானது. காரை அதை அடைத்திருந்தது, வீங்கிய ஈறு அதை மூடியிருந்தது. காரை போய் வீக்கமும் வடிந்ததும் பல் நீண்டும் இடைவெளி விழுந்தும் தெரிகிறது. கருவியின் முனை அதிர்ந்து காரையைப் பெயர்க்கிறதே தவிரப் பல்லைத் தேய்ப்பதில்லை. கூச்சம் சில நாள் முதல் சில வாரம் வரை இருக்கும். ஓரிரு நாள் இரத்தம் கசியலாம். ஒரு வாரத்துக்குப் பின்னும் வீக்கமோ சீழோ இருந்தால் திரும்பிப் போய்க் காட்டுங்கள்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுத்திருந்தால் சொன்ன நாள்களுக்கு மட்டும், பொதுவாக இரண்டு வாரம் வரை, பயன்படுத்துங்கள். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல் பழுப்பாகும், சுவை மாறும். பற்பசையால் துலக்கிய உடனே அதை வாயில் விட்டால் அதன் வலிமை குறையும் என்பதால் அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சர்க்கரை நோய் இருந்தால்

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது ஈறு நோய் வேகமாக முற்றும்; ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் வர மறுக்கும். இந்த உறவு இருவழிப்பட்டது. ஈறுகளுக்கு முறையாகச் சிகிச்சை செய்த மூன்று நான்கு மாதங்களில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) சராசரியாக 0.4 விழுக்காட்டுப் புள்ளி அளவுக்குக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பார்க்கச் சிறிய எண், ஆனால் மாத்திரையைக் கூட்டாமல் கிடைக்கும் குறைவு. கண்ணையும் காலையும் ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்லும் நம் சர்க்கரை மருத்துவமனைகள் ஈறையும் அதே சீட்டில் எழுதினால் எத்தனையோ பேரின் பற்கள் தப்பும். அடுத்தடுத்து வெவ்வேறு இடங்களில் ஈறில் சீழ் வைப்பவர்கள், சர்க்கரை நோய் இருப்பதாக இதுவரை தெரியாவிட்டாலும் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். பல் மருத்துவரிடம் போகும் நாளில் வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு காலையிலேயே போங்கள்.

மீண்டும் வராமல் இருக்க

இரவுத் துலக்கல்தான் முக்கியம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், தங்கிய படிவைக் கழுவ எதுவும் இருக்காது. அந்த ஏழெட்டு மணி நேரத்தைக் கிருமிகளிடம் விட்டுவிடக்கூடாது. ஃபுளூரைடு 1000 முதல் 1500 பிபிஎம் உள்ள பற்பசை, பட்டாணி அளவு போதும். இழைகள் விரிந்ததும், அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிரஷ்ஷை மாற்றுங்கள். இடைவெளி விழுந்த பற்களுக்கு நூலைவிட இடுக்கு பிரஷ் மேல். இறுக்கமில்லாமல் நுழையும் மிகப் பெரிய அளவைத் தேர்ந்தெடுங்கள். கைவிரல்கள் சரியாக மடங்காத முதியவர்களுக்கு மின்சார பிரஷ் வாங்கிக் கொடுப்பது வீண் செலவன்று.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குச்சியை மென்று தும்பாக்கித் துலக்குவதில் தவறில்லை. ஆனால் அது வெளிப்புறத்தைத் தேய்க்கும் அளவுக்குப் பல்லிடுக்கையும் கடைவாயின் உட்புறத்தையும் எட்டாது, அதிலிருந்து ஃபுளூரைடும் கிடைக்காது. காலையில் வேப்பங்குச்சி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் பிரஷ்ஷையும் இடுக்குச் சுத்தத்தையும் விடாதீர்கள். எண்ணெய்க் கொப்பளிப்பும் அப்படியே, கூடுதலாகச் செய்யலாம், மாற்றாகாது. பாலம் கட்டிய பற்களுக்கும் பதியம் (இம்ப்ளான்ட்) வைத்த பற்களுக்கும் இதே நோய் வரும்; செயற்கைப் பல்தானே என்று அதன் அடியைத் துலக்காமல் விடுபவர்கள் பதியத்தையே இழக்கிறார்கள்.

ஈறு நலமாக இருப்பவர்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை, பார்த்துக்கொண்டால் போதும். எலும்பு கரைந்து சிகிச்சை பெற்றவர்கள் மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் வர வேண்டியிருக்கும். அடக்கிய நோய் திரும்புவதற்கு எப்போதும் தயாராகவே இருக்கும். தனியார் கட்டணம் தடையாக இருந்தால், சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மற்ற மாவட்டங்களில் அரசுத் தலைமை மருத்துவமனைகளின் பல் பிரிவுகளிலும், இலங்கையில் பேராதனைப் பல் போதனா மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள். எங்கே போனாலும், பைகளின் ஆழ அளவுகளை எழுதித் தரும்படி கேளுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் எழுதிய அந்த எண்களை மூன்று மாதம் கழித்து அடுத்த அளவீட்டோடு ஒப்பிட்டால், 5 இருந்த இடம் 3 ஆனதா, 6 இருந்த இடம் அப்படியே நிற்கிறதா என்பது உங்களுக்கே தெரியும். குறையாத இடத்துக்கு அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று மருத்துவரிடம் கேட்கவும் முடியும்.